காவல் டெண்டர் பெட்டி களவுபோன விவரம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மூத்த சகோதரி மாம்பேலே அவர்களுக்கு,

தம்பி வுயிசிலே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுதுவது. கேப் டவுனில் தாங்களும் அத்தானும் குளிருக்குப் பயப்படாமல் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் வலது மணிக்கட்டைத் தவிர. அதன் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நகராட்சியின் நீர்த்தேக்கம், நூலகம், அலுவலகம் மூன்றுக்கும் காவல் போட்டிருந்த கம்பெனி, ஒப்பந்தம் முடிந்ததும் நாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, காவலாளிகளான எங்களை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. ஒன்பது பேர் தெருவில் நின்றோம். நகராட்சி புது டெண்டர் கேட்டதும், நாமே கம்பெனி தொடங்கினால் என்ன என்றான் மலுசி. பழைய குத்துச்சண்டைக்காரன், தலையில் வாங்கிய அடியெல்லாம் இப்போது யோசனையாக வெளிவருகிறது. ஒன்பது பேரில் கோட்டு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னை முதலாளி ஆக்கினார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் நம் வீட்டு வாசலில் அணிவகுப்பு, பிறகு சோளக்கஞ்சி. “பேலே, நீ கம்பெனி நடத்துறியா, இல்ல என் அடுப்படியில பட்டாளம் வளக்குறியா?” என்று கேட்டாள் உங்கள் தம்பி பெண்டாட்டி மாட்லோமோ. குலப்பெயரை மரியாதையாகச் சொல்லிக்கொண்டே திட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

காவல் போடவேண்டிய இடங்களை நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாதவன் டெண்டரே போட முடியாது என்பது விதி, அதனால் நானும் மலுசியும் அவன் மச்சானின் வண்டியில் கிளம்பினோம், நகராட்சி வண்டியின் பின்னாலேயே போனால் போதும் என்றார்கள், போனோம், பெட்ரோல் பங்க் திருப்பத்தில் விளக்கெரிய வரிசையாகப் போன கார்களைப் பார்த்து இவர்கள்தான் என்று சேர்ந்துகொண்டோம், கடைசியில் பார்த்தால் அக்கா, அது சவ ஊர்வலம். முன்னாலும் கார், பின்னாலும் கார், எப்படித் திரும்புவது? மண்ணள்ளிப் போட்டோம், பாடினோம், மலுசி அழவே அழுதுவிட்டான், சாப்பிடாமல் விடமாட்டேன் என்று ஒரு அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். நீர்த்தேக்கத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டெண்டர் அதிகாரி மிஸ் சொபெக்வா கிளம்பிக்கொண்டிருந்தார்.

“எங்கய்யா போனீங்க ரெண்டு பேரும்?”

“ஒரு சாவுக்கும்மா.”

“அடடா. யாரு தவறிட்டாங்க?”

“தெரியலைம்மா,” என்றான் மலுசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆனா ரொம்ப நல்ல மனுஷனாம்.”

மிஸ் சொபெக்வா சிரிப்பை அடக்க முடியாமல் எங்களைக் கையெழுத்துப் போடவிட்டார்.

டெண்டர் போடும் நாள் வந்தது. கேட்ட தாளையெல்லாம் வைத்துக் கட்டினால் உறை ரொட்டிபோல் உப்பிவிட்டது, பெட்டியின் வாயோ தபால் பெட்டியைவிடக் குறுகல். தள்ளினேன், இன்னும் தள்ளினேன், உறை உள்ளே விழுந்தது, அதோடு என் கையும் போய்ச் சிக்கிக்கொண்டது. பின்னால் டை கட்டிய பெரிய கம்பெனிக்காரர், “கொஞ்சம் தள்ளிக்குங்க சார், நேரமாச்சு” என்று என் விரலிடுக்கு வழியாகவே தன் உறையைச் செருகினார்! மிஸ் சொபெக்வா தன் மதியச் சாப்பாட்டிலிருந்து மார்கரின் கொண்டுவந்து தடவித்தான் கையை மீட்டார்.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறக்க வேண்டும். போனோம். மேசை இருந்தது, பெட்டி இல்லை. ராத்திரி ஜன்னலை உடைத்து எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

“அதெப்படிம்மா? ஆபீசுக்குக் காவல் யாரு?” என்று கத்தினார் டைக்காரர்.

“அத முடிவு பண்றதுக்குத்தான் சார் பெட்டியே வச்சோம்,” என்றார் மிஸ் சொபெக்வா.

டெண்டர் ரத்து. இனி எப்போது கேட்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. நம் வீட்டு வாசலில் காத்திருந்த ஏழு பேரிடமும் கம்பெனி கலைந்தது என்று சொன்னேன். சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை, அக்கா. நீங்கள் கூப்பிட்டபடி அங்கேயே வந்து உங்கள் தோட்டத்தைக் கொத்திக்கொண்டு கிடக்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். இனி இந்த ஜன்மத்தில் டெண்டர் என்ற சொல்லை என் வாயால் சொல்லமாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். நம் முன்னோர் உங்கள் வீட்டு வாசலை விட்டு நகராமல் இருக்கட்டும். கர்த்தர் உங்கள் மூட்டுவலியைத் தீர்க்கட்டும்.

அடங்கிய தம்பி,
வுயிசிலே

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மிஸ் சொபெக்வா வீடு தேடி வந்துவிட்டார். நகராட்சியில் நீர்த்தேக்கத்துப் பம்பும் நூலகத்துக் கம்ப்யூட்டர்களும் மட்டும் களவு போகாதது ஏன் என்று விசாரித்தார்களாம். நம் ஏழு தடியன்களும் சம்பளமில்லாமல், முதலாளியான என்னிடம்கூடச் சொல்லாமல், தினமும் ராத்திரி அங்கே காவல் நின்றிருக்கிறார்கள்! அலுவலகத்துக்குள் மட்டும் வெளியாள் என்று இவர்களை விடவில்லையாம், அதனால்தான் பெட்டி போனது. “பழகிப்போச்சு முதலாளி, வீட்டுல படுத்தா தூக்கம் வரல,” என்கிறார்கள். புது டெண்டர் வரும்வரை எங்களையே சம்பளத்தோடு நிற்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது. ஆகையால் என்னை எதிர்பார்க்க வேண்டாம். சீட்டு வீணாகாது, மாட்லோமோ வருகிறாள். ஒன்பது ஆம்பிளைகளுக்குக் கஞ்சி கிண்டியது போதுமாம், ஒரு மாதம் உட்கார்ந்து சாப்பிடப்போகிறாளாம். தயவுசெய்து அவளைச் சமையலறைப் பக்கம் விடாதீர்கள். சீக்கிரம் திருப்பியும் அனுப்பிவிடுங்கள், கஞ்சிக்கு எவ்வளவு உப்பு என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை.