அந்தோணிக்கு உடம்பு சரியில்லை

இந்த வருஷம் அந்தோணியார் திருவிழாவுக்கு மாமியார் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி பெனிட்டாவிடம் சொன்னால் அது முடிவாக இருக்காது, கோரிக்கையாகிவிடும்.

எனக்கு அந்தோணியார் மேல் வருத்தம் கிடையாது. மாமியார் லூர்து மேரி மேலும் கிடையாது. தேவதானப்பட்டியில் அவர்கள் வீட்டு முன்னால் ஊரையே உட்காரவைத்துப் போடுகிற அசனச் சாப்பாட்டை விரோதிகூடக் குறை சொல்ல முடியாது. பிரச்சினை என் தொழில்தான். காமயகவுண்டன்பட்டியில் நான் கல்யாண போட்டோகிராபர். இமானுவேல் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள், 'போட்டோக்காரர்' என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள்.

மாமியார் வீட்டில் காலை வைத்ததும் கேமராவை எடுக்கச் சொல்வார்கள். பிறகு சொந்தபந்தம் வரிசையில் நிற்கும். ஒருவருக்கு பாஸ்போர்ட் சைஸ். இன்னொருவருக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. போன வருஷம் பெனிட்டாவின் சின்ன மாமா வழுக்கைத் தலையோடு வந்து உட்கார்ந்து, "முடி மட்டும் வாலிபத்துல இருந்த மாதிரி போட்டுருங்க மாப்ள" என்றார். போட்டுக் கொடுத்தேன். அது தன் முடி மாதிரியே இல்லை என்று இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எல்லோரையும் எடுத்து முடித்துப் பந்திக்குப் போனால் ரசம் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

ஆகவே ஒரு காரணம் வேண்டும். காய்ச்சல் என்று படுக்க முடியாது. பெனிட்டா கம்பத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நெற்றியைத் தொடக்கூட மாட்டாள், வாசலில் நின்று பார்த்தே "எந்திரிங்க" என்பாள். என் உடம்புக்கு வர மறுக்கிற நோயை வேறு யாருக்காவது வரவழைத்தாக வேண்டும். அந்தோணி ஞாபகத்துக்கு வந்தான்.

அந்தோணி எங்கள் வீட்டு சர்வர், படங்களைச் சேர்த்துவைக்கிற கம்ப்யூட்டர் பெட்டி. நான் எடுத்த கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அந்தோணியார் தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிற புனிதர் என்பதால் அந்தப் பெயர். அதற்குள் இசட்.எஃப்.எஸ். என்று ஓர் ஏற்பாடு ஓடுகிறது. மேலே ஒரு டிஸ்க், கீழே ஒரு டிஸ்க். ஒன்றில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுதிவைக்கும். அதற்கு மிரர் என்று பெயர். எழுதியது கெட்டிருக்கிறதா என்று முழுவதையும் வாசித்துப் பார்ப்பது ஸ்க்ரப். ஒரு டிஸ்க் செத்து, அந்த இடத்தில் வேறொன்றை வைத்தால், உயிரோடிருக்கிற டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் அதற்கு ஊட்டிவிடும். அது ரீசில்வர்.

இதையெல்லாம் வாங்கிய புதிதில் பெனிட்டாவுக்கு விளக்கினேன்.

"மாசா மாசம் ஸ்க்ரப் பண்ணணும் பெனிட்டா."

"நான் தெனமும் பண்றேன், சிங்க்குல. நீங்க எப்பப் பண்ணுவீக?"

"இது வேற ஸ்க்ரப். உள்ள மிரர் இருக்கு."

"டிரெஸ்ஸிங் டேபிளுக்கு ஒரு மிரர் கேட்டு எத்தன வருஷமாச்சு. இதுக்கு மட்டும் உள்ளயே வெச்சுக் குடுத்திருக்காகளா?"

"டிஸ்க் போச்சுன்னா ரீசில்வர் பண்ணிக்கலாம்."

"அத மொதல்ல எங்கொலுசுக்குப் பண்ணுங்க. கறுத்துப்போயிக் கெடக்கு."

அந்தோணியால் அவளுக்கு ஒரே ஒரு பிரயோஜனம்தான். அவன் சமையலறை அலமாரியில் உட்கார்ந்திருக்கிறான். முதுகுப் பக்கம் சூடான காற்று வரும். சாரல் காலத்தில் இட்லி மாவுச் சட்டியை அங்கே வைப்பாள். சீக்கிரம் பொங்கிவிடும்.

திருவிழாவுக்கு முந்தின வாரம், மேல் டிஸ்க்கை ஒரு கட்டளை கொடுத்துத் தூங்க வைத்தேன். அதற்கு ஒரு நோயும் இல்லை. வேலைக்கு வராதே என்றால் வராது, அவ்வளவுதான். திரையில் 'டீகிரேடட்' என்று வந்தது. முகத்தையும் அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"இங்கன வந்து பாரு. மேல் டிஸ்க் போச்சு."

"டீகிரேடட்னா?"

"தரம் எறங்கிப்போச்சுன்னு அர்த்தம்."

"நம்ம கல்யாணத்தன்னைக்கு எங்க சித்தப்பா சொன்னது இதத்தானா?"

"வெளையாடாத. புது டிஸ்க் வரணும். ரீசில்வர் ஓடி முடிய மூணு நாளாகும். அதுக்குள்ள கீழ் டிஸ்க்குக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்புட்டும் போச்சு. பக்கத்துலயே ஒரு ஆள் இருக்கணும்."

"ஐ.சி.யு. மாதிரி."

"அதே."

"அப்ப திருவிழாவுக்கு?"

"எப்படி வர்றது? மனசு பூராவும் அங்கதான் கெடக்கு."

பெனிட்டா திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி. நான் மட்டும் போயிட்டு வாரேன்" என்றாள். சண்டை இல்லை, முகம் கோணவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஒச்சாண்டி அண்ணன் வந்தார். அவருக்குத் திராட்சைத் தோட்டம். செத்த டிஸ்க்கைப் பிரித்தால் உள்ளே கண்ணாடி மாதிரி வட்டத் தகடுகள் இருக்கும். அதைப் பந்தலில் தொங்கவிட்டால் வெயிலுக்கு மின்னும், குருவி கிட்டே வராது.

"டிஸ்க் செத்துருச்சாமே தம்பி. பெனிட்டா சொல்லுச்சு. தகட்டக் கழட்டிக் குடு. பழம் நெறம் கட்டிருச்சு."

"இன்னும் முழுசாச் சாகலண்ணே."

"பெறகு?"

"இழுத்துக்கிட்டு இருக்கு."

"சரி. முடிஞ்சதும் சொல்லி விடு" என்று துக்கம் விசாரித்தவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். பெனிட்டா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதே வாரத்தில்தான் தங்கப்பாண்டி அண்ணனின் மகள் வேல்விழியின் கல்யாணம். எடுத்த படங்களை அந்தோணிக்குள் ஏற்றினேன். அடுத்த வேலைக்காகக் கேமரா கார்டுகளைத் துடைத்துவிட்டேன். துடைத்த பிறகுதான் உறைத்தது. மேல் டிஸ்க் தூங்குகிறது. கல்யாணம் மொத்தமும் கீழ் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது.

மேல் டிஸ்க்கை எழுப்பிவிட ஒரு நிமிஷம் போதும். ஆனால் பெனிட்டா தினமும் வேலை முடிந்து வந்ததும், நோயாளியின் சார்ட்டைப் பார்ப்பது போல, அந்தத் திரையைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். எழுப்பினால் குணமாகிவிட்டது என்று காட்டும். அதனால் அவளிடம் உள்ளதைச் சொல்லி இன்னும் கொஞ்சம் பயமுறுத்தினேன்.

"வேல்விழி கல்யாணம் இந்தக் கீழ் டிஸ்க்குல மட்டும்தான் இருக்கு பெனிட்டா. இதுக்கு ஒண்ணுன்னா தங்கப்பாண்டி அண்ணன் மூஞ்சில முழிக்க முடியாது."

அந்த வாரம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். தங்கப்பாண்டி அண்ணனும் அவர் தம்பியும் பாகம் பிரித்ததிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணத்துக்குத் தம்பி வந்தார். மேடையில் ஏறி அண்ணன் பக்கத்தில் நின்றார். பேசாமல் இறங்கிப் போய்விட்டார். "எல்லாப் படமும் எப்படி இருந்தாலும் சரி தம்பி, அந்த ஒண்ணு மட்டும் பெருசா வேணும்" என்று அண்ணன் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர். லீவு முடிகிறது. திருவிழா அன்று சாயங்காலம் பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து படங்களைத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு.

திருவிழா அன்று காலையில் நான் சலூனுக்குப் போனேன். திரும்பி வந்தபோது பெனிட்டா பஸ் ஏறிப் போயிருந்தாள். விடுதலை. காலை நீட்டி உட்கார்ந்தேன். வீடு அமைதியாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே அமைதியாக இருந்தது. அந்தோணியின் ஃபேன் சத்தம் இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது. முன்பக்கக் கதவைத் திறந்தேன். மேல் டிஸ்க் தூங்கிக்கொண்டிருந்தது. கீழ்த் தட்டு காலி.

மாவு டப்பாவில் பார்த்தேன். ஃபிரிட்ஜில் பார்த்தேன். சட்டென்று ஒச்சாண்டி அண்ணன் ஞாபகம் வந்தது. திராட்சைத் தோட்டத்துக்கு ஓடினேன். பந்தலுக்கடியில் குனிந்து நின்று, மின்னுகிற தகட்டையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அத்தனையும் முன்பு நான் கழற்றிக் கொடுத்த பழசு.

"என்ன தம்பி அண்ணாந்து பாத்துக்கிட்டுத் திரியுற?"

"டிஸ்க்கத் தேடுறேண்ணே."

"முடிஞ்சுருச்சா?" என்றார் அவர், ஆறுதலாக.

அங்கிருந்தே பெனிட்டாவுக்குப் போன் போட்டேன். பஸ் இரைச்சல் கேட்டது.

"பெனிட்டா, கீழ் டிஸ்க்கக் காணோம்."

"காணாமப் போகல. எம் மடியில இருக்கு."

பந்தல் கல்லைப் பிடித்துக்கொண்டேன். "அத ஏன் எடுத்த?"

"நீங்கதான சொன்னீக, அதுக்கு ஒண்ணுன்னா எல்லாம் போச்சுன்னு. ஐ.சி.யு.ல இருக்கறதத் தனியா விட்டுட்டு ஒரு நர்ஸ் எப்படிப் போறது?"

"நான் இருந்தேன்ல."

"சலூன்ல இருந்தீக."

"ஓடிக்கிட்டு இருக்கும்போதா உருவுன?"

"பட்டனை அமுக்கி, லைட்டு அணையுற வரைக்கும் நின்னு, பெறகுதான் உருவுனேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். கம்பளித் துண்டுல சுத்தி வெச்சிருக்கேன். குலுங்கல."

"சாயங்காலம் தங்கப்பாண்டி அண்ணன் வருவாக. நான் எதக் காட்டுறது?"

"பொட்டியத் தூக்கிட்டுத் தேவதானப்பட்டிக்கு வாங்க, அவகளும் அங்கனயே பாக்கட்டும். எங்கம்மா வீட்ல டி.வி. பெருசு."

"யார் கையிலயாவது குடுத்து விடேன்."

"இந்தக் கேஸ யார நம்பிக் குடுத்து விடுறது?" என்று கேட்டுவிட்டு, டிக்கெட் எடுக்க வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லை. அந்தோணியைப் போர்வையில் சுற்றினேன். கேமரா பை இருக்கிற பீரோவைத் திறக்கவே இல்லை. கேமரா இல்லாமல் போனால் யார் என்ன கேட்க முடியும்? தோற்றாலும் முழுசாகத் தோற்கவில்லை என்று ஒரு நிம்மதி.

கம்பத்தில் திண்டுக்கல் பஸ் ஏறினேன். மடியில் பெட்டி. கண்டக்டர் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"சர்வர்."

"எந்த ஓட்டல்ல?" என்று கேட்டுவிட்டுப் பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார்.

தேவதானப்பட்டியில் இறங்கிப் போனபோது மாமியார் வீட்டு முன்னால் அண்டாவில் உலை வைத்திருந்தார்கள். மாமியார் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"வாங்க மாப்ள. அந்தோணிக்கு ஒடம்பு சரியில்லன்னு பெனிட்டா சொன்னா. காலைப் பூசையில செபத்துல சேத்துருக்கோம்."

"நன்றி அத்தை" என்றேன்.

பெனிட்டா கம்பளித் துண்டைப் பிரித்து டிஸ்க்கைக் கொடுத்தாள், பிறந்த பிள்ளையைத் தகப்பனிடம் நீட்டுவது போல. பொருத்தினேன். டி.வி.யில் இணைத்து, பட்டனை அமுக்கினேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் வேண்டிக்கொண்ட மாதிரி எந்தத் திருவிழாவிலும் வேண்டிக்கொண்டதில்லை. அந்தோணி கண் திறந்தான். கல்யாணம் பத்திரமாக இருந்தது.

பெனிட்டா அந்தப் பக்கம் நகர்ந்ததும் மேல் டிஸ்க்கை எழுப்பினேன். இசட்.எஃப்.எஸ்.ஸில் ஒரு நல்ல குணம் உண்டு. நான் சதி செய்யும்போது அதை மறந்துபோனேன். கொஞ்ச நாள் தூங்கிய டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஊட்டாது, தூங்கிய நேரத்தில் விட்டுப்போனதை மட்டும் ஊட்டும். விட்டுப்போனது ஒரு கல்யாணம்தான். மூன்று நாள் என்று நான் சொன்ன ரீசில்வர், அண்டாச் சோறு வடிப்பதற்குள் முடிந்துவிட்டது. பிழை எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. பின்னால் பெனிட்டா நின்றிருந்தாள்.

"முடிஞ்சுருச்சா?"

"ம்."

"புது டிஸ்க் இல்லாமலேயா?"

"அது... தானா எந்திரிச்சிருச்சு."

"அம்மா, அந்தோணிக்குச் சொகமாயிருச்சு" என்று அவள் உள்ளே குரல் கொடுத்தாள். மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அடுத்தடுத்த வீட்டுக்கும் சேதி போனது. அந்தோணியார் செய்த ஒரு புதுமையில் எனக்கும் பங்கு வந்துவிட்டது.

மெதுவாகக் கேட்டேன். "எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மொத நாளே. முன்ன நெசமாவே ஒரு டிஸ்க் போனப்ப நீங்க ரெண்டு நாளு சோறு திங்கல. இந்தத் தடவ புளிக்கொழம்ப மறுக்கா வாங்கி ஊத்துனீக."

"கோவமா?"

"வரப் பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

வாசலில் கார் வந்து நின்றது. தங்கப்பாண்டி அண்ணன், வேல்விழி, மாப்பிள்ளை. "அசனத்துக்கு வாங்க, படத்த அங்கனயே பாத்துக்கலாம்னு நேத்தே சொல்லிட்டேன்" என்றாள் பெனிட்டா.

படங்கள் ஓடின. வேல்விழியும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு தேர்ந்தெடுத்தார்கள். அண்ணனும் தம்பியும் நிற்கிற படம் வந்தது. தங்கப்பாண்டி அண்ணன் எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போனார்.

"எந்தம்பி என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். நான் கேமராவப் பாத்துட்டு நின்னிருக்கேன்."

"கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே வைத்தேன். பெனிட்டா என் கையை லேசாக அழுத்தினாள். இந்தப் படம் அவள் மடியில் கம்பளித் துண்டுக்குள் வந்தது.

மனசு நிறைந்து போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன், அதுவும் முதல் பந்தியில். இலையில் சோறு, கறி, கத்திரிக்காய்க் கூட்டு. இத்தனை வருஷத்தில் மாமியார் வீட்டில் குழம்பைச் சூடாகப் பார்த்தது அன்றுதான். பெனிட்டாவே பரிமாறினாள்.

"நல்லாச் சாப்புடுங்க. அவசரமில்ல. பின்னால வெள்ளத் துணி கட்டி ஸ்டூல் போட்டாச்சு. எல்லாரும் தல சீவிக்கிட்டு நிக்கிறாக."

வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, முடிந்த அளவு வருத்தமாகச் சொன்னேன். "அடடா, வந்த அவசரத்துல கேமராவ வீட்டுலயே விட்டுட்டேனே."

"விட்டுட்டுத்தான் வருவீகன்னு தெரியும்" என்றாள், குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே. "அதான் டிஸ்க்க உருவும்போதே பீரோவத் தெறந்து அதையும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."