வெள்ளி விழா மலரில் இல்லாத கரண்டி அக்கா

ஒரு பெண்மணி தெருவுக்குள் நுழைந்ததும் ஜனங்கள் தங்கள் நாடியைத் தாங்களே பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள் என்றால், கும்பகோணத்தில் அது கரண்டி அக்கா ஒருத்திக்காகத்தான். அவள் தலை தெரிந்தாலே மளிகைக்கடை பாய் கல்லாவிலிருந்து கத்துவார்: "அக்கா, இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்!"

"இருந்தா சந்தோஷம் பாய். மொளகு கால் கிலோ போடுங்க."

மிளகு என்றால் எங்கேயோ சாவு என்று அர்த்தம். பாய் எடை போடும்போதே யாரென்று விசாரிப்பார். "யாரா இருந்தா என்ன? ரசம் ஒண்ணுதான்" என்பாள்.

சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் ஊரில் ஒருவருக்கும் புரியாது. ஆளுயரத்தில் பாதி இருக்கும் கரண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் நிற்பாள். கூட்டம் தானாக விலகி வழி விடும். லக்கேஜ் டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், "தம்பி, எழவு எல்லார் வீட்டுலயும்தான் விழும். அன்னிக்கு உங்களுக்கும் இதாலதான் சோறு போடுவேன்" என்றாள், வாழ்த்துகிற குரலில். பாவம், அந்த ஆள் ரூட்டையே மாற்றிக்கொண்டதாகக் கேள்வி.

எங்கள் மாதர் சங்கம் அந்தக் கரண்டியில் பிறந்தது. எழவு வீட்டில் உலை வைக்கக் கூடாது, சொந்தபந்தம்தான் சோறு கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழக்கம் ஊரிலேயே இருந்தது. சொந்தபந்தம் திருப்பூருக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டது. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் டீயைக் குடித்து டீயையே அழுதார்கள். ஒரு காலையில் கரண்டி அக்கா எங்கள் தெருவைக் கதவு கதவாகத் தட்டினாள். "உன் வீட்டுல உலை கொதிக்குதுல்ல? ஒரு பிடி அரிசி சேத்துப் போடு." சேர்த்துப் போட்டவளெல்லாம் உறுப்பினர். தீர்மானம், கொள்கை, கொடி எதுவும் கிடையாது. நான் வெங்காயம் உரிக்கும் பிரிவில் இருந்தேன். அழுவதற்குத் தனியாக முயற்சி எடுக்க வேண்டியிராத ஒரே பிரிவு.

காவிரியில் தண்ணீர் வரும், வராது; சாவு வந்துகொண்டே இருந்தது. சோறும் மிளகு ரசமும் துவையலும் பின்னாலேயே போயின. எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்தச் சாமி என்று கேட்ட ஒருத்தியை அக்கா அன்றைக்குப் பாத்திரம் கழுவ அனுப்பினாள். "செத்தவனைப் பத்தி உனக்கென்னடி? பசிக்கிறவன் எத்தனை பேருன்னு கேளு."

ஆறுதல் மட்டும் அவளுக்குச் சமைக்கத் தெரியாது. கட்டிப்பிடித்துக் கதறுகிறவர்களுக்கு நடுவே புகுந்து, "அழுவுறதுக்குத் தெம்பு வேணாமா? தின்னுட்டு அழுங்க" என்று தட்டை நீட்டுவாள். திட்டுக்குப் பயந்து ஊரே துக்கத்தோடு சாப்பிட்டது.

சங்கத்தைப் பதிவு செய்தபோது தலைவி ஒருத்தி தேவைப்பட்டாள். கரண்டி அக்காவுக்கு உட்காரவே நேரமில்லை. அதனால் வீட்டில் நல்ல நாற்காலிகள் இருந்த ரைஸ்மில் அம்மாவைத் தலைவியாக்கினோம். எங்கள் சரித்திரத்தில் வண்டி குடைசாய்ந்த இடம் அது. அன்றைக்குக் கைதட்டல் பலமாக இருந்தது.

பிறகுதான் அந்த நிச்சயதார்த்தம்.

குளத்தங்கரைப் பக்கம் சாவு என்று தகவல். போனோம். நீலப் பந்தல், சிவப்பு நாற்காலிகள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாத ஆண்கள். உள்ளே ஒரு பெண் விசும்பிக்கொண்டிருந்தாள். வேறென்ன வேண்டும்? கரண்டி அக்கா நேரே போய் அவள் முன்னால் இலையை விரித்தாள். "போனது போயாச்சு. இனிமே வரப்போறதில்லை. எந்திரிச்சு ரெண்டு வாய் சாப்பிடு."

நாற்காலியிலிருந்த பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் மாப்பிள்ளையின் அப்பா. சமீபத்தில்தான் ஆபரேஷன் முடிந்தவர். சீர்வரிசைப் பேச்சில் இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். சாவு விழுந்தது அடுத்த சந்தில். அங்கேயும் அதே காண்ட்ராக்டர், அதே நீலப் பந்தல். சந்தோஷத்துக்கென்று தனி நிறம் வைத்துக்கொள்ள எங்கள் ஊர் பந்தல்காரருக்கு வசதியில்லை.

கல்யாணம் நின்றது. பெண் மட்டும் நிம்மதியாக இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் எங்களைக் கண்டால் கதவு சாத்தினார்கள். கல்யாணப் பத்திரிகைகள் எங்கள் வாசல்களைத் தாண்டிப் போயின. தலைவியின் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவசரக் கூட்டம் போட்டாள்.

"இனிமே எழவு வீட்டுச் சமையல் வேண்டாங்க. பாசிட்டிவா ஏதாவது செய்வோம்."

"பாசிட்டிவா எவனாவது செத்திருக்கானா?" என்றாள் கரண்டி அக்கா.

நாங்கள் நாலைந்து பேர் சிரித்தோம். மற்றவர்கள் கை தூக்கினார்கள், அவளை நீக்குவதற்கு. அவள் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் அவளோடு அரிசி களைந்த கைகள். "என்னைத் தூக்கிருங்க, பரவால்ல. சோத்தைத் தூக்கிறாதீங்கடி" என்று மட்டும் கேட்டாள். சோற்றையும் தூக்கினார்கள்.

சங்கம் செழித்தது. ஒரே நிறத்தில் புடவை எடுத்தோம். ஆண்டுதோறும் மரம் நட்டோம், அதே குழியில். கன்றைத் தின்ற ஆடும் அநேகமாக அதேதான். ஒரு வருஷம் தெருக்கோடியில் ஒரு தச்சர் இறந்தார். நாங்கள் இரங்கல் பேனர் வைத்தோம். அவர் பிள்ளைகள் பேனருக்குக் கீழே உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். மத்தியானம் கரண்டி அக்கா தன் வீட்டு அடுப்பில் பொங்கியதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அப்புறம் தலைவியின் கணவர் திடீரென்று போய்விட்டார். மகன் துபாயிலிருந்து வர வேண்டும். ஐஸ் பெட்டியில் அவர் காத்திருந்தார். நாங்கள் சீருடைப் புடவையில் மலர் வளையத்தோடு வரிசையாக நின்றோம். ஓட்டல் பொட்டலங்கள் வந்து மூலையில் குவிந்தன. பிரித்துக் கொடுக்க ஆளில்லை. தலைவி முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று எல்லோரும் எல்லோரிடமும் சொன்னோம்.

டவுன் பஸ்ஸிலிருந்து கரண்டி அக்கா இறங்கினாள். இடுப்பில் தூக்குச்சட்டி.

"எனக்கு வேண்டாங்கக்கா" என்றாள் தலைவி.

"உன்னை யாரு கேட்டா? வாயைத் தொற."

"உங்களை நான் அன்னிக்கு..."

"அதெல்லாம் அப்புறம் வெச்சுக்க. ரசம் ஆறுது."

குழையப் பிசைந்த சோற்றை உருட்டி உருட்டி ஊட்டினாள். தலைவி அழுதுகொண்டே விழுங்கினாள். நல்ல கதையென்றால் இங்கே முடியும்.

எங்கள் ஊர் அவ்வளவு நல்ல கதை இல்லை. அடுத்த வருஷம் வெள்ளி விழா. சங்கத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு பிடி அரிசியிலிருந்து தொடங்கினேன். தலைவி வாசித்துவிட்டுச் சிவப்பு மையில் முதல் பத்தியையே அடித்தாள்.

"அவங்க இப்ப மெம்பர் இல்லீங்களே."

"உங்க வீட்டுக்கு வந்தாங்களேம்மா."

"அதுக்கு நான் நன்றியாத்தான் இருக்கேன். ஆனா எழவுல ஆரம்பிக்கிற வரலாறு மங்களமா இருக்காதுங்க. விழாவுக்குப் பெரிய மனுஷங்க வர்றாங்க."

மலர் வழவழப்பான தாளில் வந்தது. அதன்படி எங்கள் சங்கம் மரம் நடுவதற்காகத் தோன்றியது.

கரண்டி அக்காவுக்கு முழங்கால் தேய்ந்து, இப்போது திருவையாற்றில் மகள் வீட்டில் இருக்கிறாள். மலரை எடுத்துக்கொண்டு போனேன். நான் கொண்டு போகாவிட்டால் வேறு யாராவது காட்டுவார்கள். பேருந்து போன வழி நெடுக, நடவு முடிந்த வயல்கள் அத்தனை பச்சையாக, அத்தனை சாதுவாக இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் தன் பெயரைத் தேடுவாள், நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன்.

அவள் எதையும் தேடவில்லை. எழுத்துப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், நாங்கள் எல்லோரும் ஒரே நிறப் புடவையில் நிற்கும் போட்டோவில் நின்றாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒவ்வொரு முகமாக விரலால் தடவினாள். தலைவியின் முகத்தில் விரல் கொஞ்ச நேரம் தங்கியது.

"ஏன் புள்ள, எல்லாரும் இப்புடி எளைச்சுப் போயிட்டாளுங்க? வேளைக்குச் சாப்பிடுறாளுங்களா இல்லையா?"

கட்டிலில் அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டேன்.