பக்கெட் இல்லாத ஓட்டலும் இரண்டு நீல டிரம்களும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் தேடுவது தண்ணீர்த் தொட்டியைத்தான். சாமி படம், சோபா, சுவரில் மாட்டிய பெரிய டி.வி. எல்லாம் அப்புறம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளைக்கு என்ன வேலை, என்ன குணம் என்று வீட்டில் எல்லோரும் விசாரித்துக்கொண்டிருக்க, நான் கூடப்பிறந்த செல்வி அக்காவின் காதைக் கடித்தேன்: "அவுக வீட்டுல தொட்டி எம்புட்டுப் பெருசுன்னு கேளுக்கா." (கேட்டாள். பெரிய தொட்டிதான். பத்தொன்பது வருடமாகக் குடும்பம் நடக்கிறது.)

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வரும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பது மட்டும் அதற்கே வெளிச்சம். வந்துவிட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். ஒருமுறை பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுகிற நேரமாகப் பார்த்துத் தண்ணீர் வந்து, சம்பந்திகள் இரண்டு பேரும் பட்டு வேட்டியோடு ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நான் குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

இப்படிப்பட்ட நான்தான் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போகக் கிளம்பினேன்.

ஆசைப்பட்டது என் மகள் தாரணி. அப்போது ஏழாம் வகுப்பு. அந்தப் பூங்காவில் ஆறு மாடி உயரத்திலிருந்து ரப்பர் படகில் சறுக்கி வந்து தண்ணீரில் விழுவார்கள். அதில் ஏற வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. மூன்று வருடமாக "அடுத்த லீவுக்குப் போவோம்டா" என்று ஓட்டிவிட்டோம். படகில் ஏற நான்கரை அடி உயரம் வேண்டும் என்பது எங்களுக்குக் கிடைத்த நல்ல சாக்கு. அவள் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் போட்டு அளந்து, அந்த ஏப்ரலில் நான்கரை அடியைத் தாண்டிவிட்டாள். என் வீட்டுக்காரர் பந்தல்குடியில் ஒரு லாரி ஆபீசில் லோடு புக்கிங் பார்க்கிறார். கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நாள் லீவு வாங்கினார். போய்ச் சேர ஒரு நாள். பூங்காவுக்கு ஒரே ஒரு நாள். அன்று சாயங்காலமே அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டும்.

எங்கே தங்குவது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி ஆனது. பூங்காவின் மதிலுக்குள்ளேயே ஒரு ஓட்டல் உண்டு. அப்பாவும் மகளும் அந்தக் கட்சி. நான் வெளியே தங்கும் கட்சி. நான் சாதாரண ஆளும் இல்லை. டவுனில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன், ஊரில் பாதிப் பேருக்கு ரயில் டிக்கெட்டிலிருந்து கோயில் தரிசனம் வரை புக்கிங் பண்ணிக் கொடுப்பவள் நான்தான். (அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.)

தாரணி செல்போனைப் பார்த்துப் படித்தாள். "அம்மா, உள்ள தங்குனா மத்தவங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே தனி கேட்டு வழியா விட்ருவாங்களாம். லைனே இருக்காதாம்."

"அது கெடக்கட்டும். பாத்ரூம் போட்டோவக் காட்டு."

காட்டினாள். கண்ணாடிக் கதவு, பளபளவென்று குழாய், கொக்கு மாதிரி மடித்து வைத்த வெள்ளைத் துண்டு. நான் படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினேன்.

"பக்கெட்டு எங்கடி?"

"ஷவர் இருக்குல்லம்மா."

"ஷவருல தண்ணி நின்னு போச்சுன்னா?"

என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "ஏ லட்சுமி, அம்புட்டுப் பெரிய ஓட்டல்ல தண்ணி எப்புடி நிக்கும்?"

"நின்னா? நீங்களா தூக்கிட்டு வருவீக?"

வட நாடு வரைக்கும் லோடு அனுப்புகிற மனிதர், ஒரு பக்கெட் லோடு என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பூங்காவிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் நாள் வாடகைக்கு ஒரு வீடு கண்ணில் பட்டது. படத்தில் முற்றம். முற்றத்தில் குழாய். குழாயடியில் இரண்டு நீல டிரம்கள், ஆள் இறங்கி உட்காரலாம், அத்தனை பெரிது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. அந்த நிமிடமே புக் செய்துவிட்டேன்.

"அம்மா, அந்த ஒரு மணி நேரம்..." என்று இழுத்தாள் தாரணி.

"வெள்ளன எந்திரிச்சுப் போனா எல்லாம் ஒண்ணுதான். போ."

பரளச்சியிலிருந்து செல்வி அக்காவையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு நான்கு பேராக விடிகாலையில் பஸ் ஏறி, சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். சாமான்களைக்கூட இறக்காமல் நான் நேராகக் குழாயடிக்குப் போய்த் திருகினேன். காற்றுதான் வந்தது. வீட்டுக்கார அம்மா போனில் சொன்னார்: "மோட்டார்ல சின்ன ரிப்பேர்மா. காலையில தண்ணி வந்துரும். ரெண்டு பக்கெட் உள்ள வெச்சிருக்கேன், சமாளிச்சுக்குங்க. ஒன்பது மணிக்கு பார்க்குக்குப் போற வேன் வரும். கரெக்டா ரெடியா நில்லுங்க."

அக்கா டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். "என்னடி லட்சுமி, உள்ள பல்லி செத்துக் கெடக்கு."

"டிரம்மு பெருசா இருக்குல்லக்கா?" என்றேன் நான். தோல்வியை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ராத்திரியே டிரம் இரண்டையும் துடைத்துச் சுத்தம் செய்து வைத்தேன்.

மறுநாள் எட்டே முக்காலுக்கு எல்லோரும் தயார். தாரணி புது டீ-சர்ட்டில் வாசலுக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வழியில் சாப்பிட இட்லி அவித்து டிபன் கேரியரில் வைத்திருந்தேன். சரியாக ஒன்பதுக்கு வாசலில் வேன் வந்து ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டக் காலைத் தூக்கினேன். அப்போது முற்றத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம். அப்புறம் கொரகொரவென்று. அந்தச் சத்தம் என்னவென்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"அடியே, தண்ணி வந்துருச்சுடி!" என்று அலறினாள் அக்கா.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கைகால்தான் பொறுப்பு. பையை எறிந்தேன். சேலையை இழுத்துச் செருகினேன். அக்கா குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கெட்டை வாங்கி வாங்கி டிரம்மில் ஊற்றினார். தாரணியும் புது டீ-சர்ட்டோடு ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வந்தது, எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் போல இருந்தது. அந்தப் பயத்தில் குக்கரில் பிடித்தோம். வாணலியில் பிடித்தோம். நான் இட்லியைப் பேப்பரில் கொட்டிவிட்டு டிபன் கேரியரின் நான்கு அடுக்கிலும் பிடித்தேன். அக்கா டம்ளரைக்கூட விடவில்லை.

வேன் டிரைவர் உள்ளே வந்து பார்த்தார். "அம்மா, வேன்ல பத்துப் பேரு வெயிட் பண்றாங்க."

"இந்தா வந்துட்டோம்ணே, ரெண்டே பக்கெட்டு."

மறுபடி ஹாரன். "இந்தா, ஒரே பக்கெட்டு." அதற்கப்புறம் ஹாரன் கேட்டதா இல்லையா என்று எனக்கு நினைவில்லை.

இரண்டு டிரம்மும் விளிம்பு வரை நிறைந்ததும்தான் அக்கா எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "அப்பாடி! இனி ஒரு வாரத்துக்குக் கவலையில்ல."

என் வீட்டுக்காரர் மெதுவாகப் பக்கெட்டைக் கீழே வைத்தார். "மதினி, நாம சாயங்காலம் ஊருக்குப் போறோம்."

தாரணி எங்களுக்கு முன்பே சுதாரித்து வாசலுக்கு ஓடியிருந்தாள். திரும்பி வந்து, "அம்மா, வேன் போயிருச்சு" என்றாள். மணி பத்தேகால்.

ஆட்டோ கிடைக்கவில்லை. செல்போனில் கூப்பிட்ட கார்க்காரர் வாரேன் வாரேன் என்று சொல்லிவிட்டு வரவே இல்லை. படத்தில் பார்த்த இரண்டு கிலோமீட்டர் காக்காவுக்கு இரண்டு கிலோமீட்டர். மனுஷனுக்கு நடுவில் நான்குவழிச் சாலையைச் சுற்றிக்கொண்டு நான்கு. ஏப்ரல் வெயிலில் நடந்து உள்ளே போகும்போது பன்னிரண்டாகிவிட்டது. சனிக்கிழமைக் கூட்டம். படகுச் சறுக்கலுக்கு நின்ற வரிசை எங்கே முடிகிறது என்று தேடவே கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது. மதிலுக்குள் தங்கியவர்கள் கையில் மஞ்சள் பட்டை கட்டியிருந்தார்கள். காலையிலேயே இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டு, ஈரத் தலையோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். தாரணி அவர்களைப் பார்த்தாள். அப்புறம் வரிசையைப் பார்த்தாள். நேராகப் போய் அதன் கடைசியில் நின்றுகொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டரை மணி நேரம் நின்றோம். மேலே ஏறும் இடத்தில் ஒரு கம்பை வைத்து உயரம் பார்த்தார்கள். அவள் முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஓகே, போம்மா" என்றார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவளுக்கு முன்னால் எட்டுப் பேர் மட்டுமே இருக்கும்போது இடி இடித்தது.

விசில் ஊதி எல்லோரையும் கீழே இறக்கினார்கள். இடி மின்னல் இருந்தால் எதையும் ஓட்டமாட்டார்களாம். சடசடவென்று கோடை மழை கொட்டியது. தாரணி உடைந்து அழுதாள். நான் வானத்தைப் பார்த்து, "எழவெடுத்த மழைக்கு இன்னைக்குத்தானா..." என்று ஆரம்பித்தேன். செல்வி அக்கா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"மழைய வையாதடி! கேட்டுச்சுன்னா நம்ம பக்கம் எட்டிப் பாக்காது."

மிளகாயும் பருத்தியும் போட்டுவிட்டு வருடம் முழுக்க வானத்தைப் பார்த்திருக்கும் குடும்பம் அக்காவுடையது. அவள் சொன்னதும் எனக்கும் பயம் வந்துவிட்டது. பிள்ளையின் ஆசையில் மண்ணைப் போட்ட மழையை, நாங்கள் மூன்று பெரியவர்களும் மரியாதையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து மணிக்கு, இன்றைக்கு இனி எதுவும் கிடையாது என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அம்மா மேலதான் தப்பு தாரணி. அந்த ஒரு மணி நேரம் இருந்திருந்தா நீ ஏறியிருப்ப."

"பரவால்லம்மா" என்றாள். மூன்று வருடம் காத்திருந்த பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறாள். இரண்டு டிரம் தண்ணீருக்காக அவளுடைய நாளைப் பறித்துவிட்டேனே என்று வழியெல்லாம் என்னை நானே ஏசிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சாமான்களைக் கட்டி முடித்தோம். அக்கா மட்டும் டிரம்மை விட்டு நகரவில்லை. "இம்புட்டுத் தண்ணிய அப்புடியே போட்டுட்டா போறது?"

"பஸ்ஸுல ஏத்தவா முடியும் மதினி?"

தாரணி டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நான் ஊத்திக்கவா?"

"குளிச்சுக்கோடா."

"குளிக்க இல்லம்மா. சும்மா ஊத்திக்க."

எங்கள் வீட்டில் தண்ணீரை யாரும் சும்மா ஊற்றிக்கொண்டது கிடையாது. அவள் பல் விளக்கும்போது ஒரு செம்பு கூடுதலாக எடுத்தால் நான் போடும் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்கும். "ஊத்திக்க. எம்புட்டு வேணுமோ ஊத்திக்க" என்று பக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன்.

தலையில் ஒரு பக்கெட் கவிழ்த்தாள். இன்னொன்று. மூன்றாவது அவள் அப்பா முகத்தில். "ஏய், வீணாக்காதடி!" என்று கத்தின அக்காவின் தலையில் நான்காவது. அக்கா மூச்சுத் திணறி நின்றாள். அப்புறம் குக்கரைத் தூக்கிக்கொண்டு அவளை முற்றம் முழுக்கத் துரத்தினாள். என் வீட்டுக்காரர் டிரம்முக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துவிட்டார். எதிர் மாடியில் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். டிபன் கேரியரின் கடைசி அடுக்கு வரைக்கும் என் தலையில்தான் காலியானது. தாரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

பஸ்ஸில் கேட்டேன். "நல்லா இருந்துச்சாடா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா." ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஆனா அந்தப் படகு மாதிரி ஆகாது" என்றாள். நியாயம்தானே.

செல்வி அக்கா இந்தக் கதையைச் சொல்லாத காதுகுத்து கிடையாது. அவள் கணக்கில் இப்போது ஐந்து டிரம். எங்கள் தெருவில் தண்ணீர் வந்து நான் குடத்தோடு ஓடினால், என் வீட்டுக்காரர் மாடியிலிருந்தே, "லட்சுமி, வேனு போயிருச்சா?" என்று குரல் கொடுப்பார்.

போன மாதம் தாரணிக்குக் கோயம்புத்தூரில் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வி: தங்குவது வளாகத்துக்கு உள்ளேயா, வெளியேயா? நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "வெளிய எதுவும் நல்ல வீடாப் பாத்தா..." என்று ஆரம்பித்தேன். அப்பாவும் மகளும், விருந்துக்கு வந்திருந்த அக்காவும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா, நீ கையெழுத்து மட்டும் போடு" என்றாள் தாரணி.

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். 'உள்ளே' என்ற கட்டத்தில் அவள் ஏற்கெனவே டிக் அடித்திருந்தாள், தாளின் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு அழுத்தி.