முதல் வாய் எது?

அன்புள்ள மவ்லூதா அக்காவுக்கு,

தாஷ்கெண்டில் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். மர்கிலானில் நாங்களும் நலம், சர்க்கரை நீங்கலாக.

ஒரு கேள்வி. சாப்பாடு எந்த நொடியில் தொடங்குகிறது? வேதியியல் படித்த எனக்கு விடை தெரியவில்லை.

நீங்கள் அனுப்பிய கருவியால் ஒரு வாரம் சர்க்கரையை அளந்து வரும்படி மருத்துவர் என் வீட்டுக்காரர் தோஹிரிடம் சொல்லியிருக்கிறார். காலையில் வாயில் எதுவும் படுமுன் ஒரு முறை, முதல் வாய் உண்டதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. இன்சுலின் ஊசி தொடங்குவதா என்று வெள்ளிக்கிழமை அந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவு. ஊசி என்றாலே இவர் வெளிறிவிடுவார்.

இன்று காலை வெறும் வயிற்றில், ஏழைத் தாண்டக்கூடாத இடத்தில், பதின்மூன்று காட்டியது. முதலில் கருவியைச் சந்தேகப்பட்டேன், பிறகு இவரை.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல. டீ மட்டுந்தான்."

"எதோட?"

"டீன்னா டீதான்."

"எதோட?"

"ரொட்டி இல்லாம எவன் டீ குடிப்பான்? கொஞ்சம் திராட்சை. நம்ம தெரு கோசிம் வீட்டுல கல்யாணம், விடியும்போதே புலாவை அடுப்புல ஏத்திட்டாங்க. வாசல்ல ரொட்டியை நீட்டினா கிள்ளாம வரலாமா? மனுஷன அவமானப்படுத்தச் சொல்றியா?"

அதெல்லாம் சாப்பாடு ஆகாதாம், புலாவ் தட்டு இறங்கினால்தான் சாப்பாடாம். ஆகவே புலாவிலிருந்து மணி பார்த்திருக்கிறார், இரண்டு மணி நேரம் ஆனபோதும் அதே விருந்து விரிப்பின் முன்தான் உட்கார்ந்திருக்கிறார், இடையில் வந்த முலாம்பழமும் அல்வாவும் டீக்குத் துணையாக வந்தவையாம், அளந்தால் பதினாறு. இந்தத் தப்பு எண்களுக்கா ஊசி போட்டுக்கொள்வது என்று கேட்டேன்.

"விருந்துல உக்காந்து மத்தவன் வாயை எண்ணுற பொம்பள நீதான். உன்னை ஏன் யாரும் கூப்பிடலேன்னு இப்பத்தான் புரியுது."

நாளை காலை நானே பக்கத்தில் நின்று அளக்கப்போகிறேன். ஒழுங்காக இருக்கிறவர்களுக்கு எண் எப்படி வரும் என்று காட்ட, என் விரலையும் குத்திக்கொள்வேன்.

பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தம். உங்கள் விரிப்பில் ரொட்டி குறையாதிருக்கட்டும், அளவோடு.

தங்கை,
அதோலத்

பி.கு.: கடிதத்தை நேற்று அனுப்பவில்லை. இன்று காலை அவருக்கு ஆறரை. எனக்குப் பன்னிரண்டு. கருவி கெட்டுவிட்டது என்றேன். கையைக் கழுவி, வேறு விரலில் குத்திப் பார்த்தோம். பன்னிரண்டுதான்.

"ஏதாவது சாப்பிட்டியா?" என்றார்.

இல்லை, அவர் எழுந்திருக்குமுன் டீ மட்டுந்தான் குடித்தேன் என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பஞ்சை என் விரலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எதோட?" என்றார்.

கற்கண்டோடு என்றேன். ரொட்டியையும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை இருவரும் போகிறோம்.