முக்கூடல் பெரியவர்

வேதமுத்து வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தபோது சதுரங்கப் பலகையில் ஒரு காய்கூட இல்லை. பலகைமேல் பூப்போட்ட துணி விரித்து, ஞானப்பாட்டுப் புத்தகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"இன்பமணி, காய் எல்லாம் எங்க?"

"பெட்டியில போட்டு வச்சிருக்கேன்" என்றாள் மனைவி. "சாயங்காலம் வீட்டு ஜெபத்துக்கு உபதேசியார் வருதாரு. பலகையப் பாத்தா சூதாட்டம்னு நெனச்சிர மாட்டாரா?"

"நான் அடுக்கியில்லா வச்சிருந்தேன்!"

"அதுவா அடுக்குனது? அங்கொண்ணும் இங்கொண்ணுமாக் கெடந்துது. செவப்ப ஒரு பக்கம், பச்சைய ஒரு பக்கம் வச்சுத் துணி சுத்தி வச்சிருக்கேன். ஒண்ணோட ஒண்ணு உரசாது."

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கு மாத ஆட்டம் அது.

"ஆணியில குத்தி வச்சிருந்த சீட்டெல்லாம்?"

"கட்டமும் புள்ளியுமா இருந்துதே, அதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கிறுக்கினதுன்னு நெனச்சேன். அடுப்புப் பத்தவைக்க நல்லா இருந்துது."

அந்தச் சீட்டுகளின் கதையைச் சொல்லாவிட்டால் வாத்தியாரின் துக்கம் யாருக்கும் புரியாது.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேதமுத்து. வயது நாற்பத்தைந்து. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், டவுனில் கோர்ட்டு குமாஸ்தா தளவாய். இருவரும் பதினைந்து வருஷமாகச் சனிக்கிழமைதோறும் சதுரங்கம் ஆடியவர்கள். ஜில்லாவிலேயே இவர்கள் இருவருக்குமேல் ஆள் கிடையாது என்று ஊர் சொல்லும். இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால் மட்டும் ஊர் பேச்சை மாற்றும். நெல்லை நிறுக்கத் தராசு உண்டு, ஆட்டக்காரனை நிறுக்க ஏது? இருவரும் தனித்தனியே நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்கள். வாத்தியார் நோட்டில் அவருக்கு ஒரு வெற்றி கூடுதல். தளவாய் நோட்டில் தளவாய்க்கு ஒரு வெற்றி கூடுதல். இரண்டும் வேறுபட்டது கடைசி ஆட்டத்தினால்.

அந்த ஆட்டத்தில் தளவாய் மந்திரியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"தொட்டா ஆடணும் வே" என்றார் வாத்தியார்.

"தொடல. சட்டைக்கை பட்டுது."

"சட்டைக்கைக்குள்ள உம்ம கைதான வே இருக்கு?"

பேச்சு வளர்ந்தது. கடைசியில் தளவாய் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னார்: "வேதமுத்து, உமக்கு நாப்பத்தஞ்சாச்சு. ஆட்டமும் பல்லும் ஒண்ணுதான். இனி முளைக்காது, விழத்தான் செய்யும்."

அன்றோடு பேச்சு நின்றது. வாத்தியாருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். தளவாய் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? பத்து வருஷமாக அதே இடத்திலேயே நிற்கிறோமோ என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலங்களில் வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்தார். தளவாயை நினைத்து மனசு ஏங்கியது. அதை அவர் கோபம் என்றே வீட்டில் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் தயிர்க்காரி பேச்சித்தாய் ஒரு சேதி சொன்னாள். பாளையங்கோட்டையில் பாதிப் பானையும் பாலம் கடந்து டவுனில் மீதிப் பானையும் விற்கிறவள் அவள்.

"முக்கூடல்ல எங்க சின்னையா முறையில ஒரு பெரியவர் இருக்காருய்யா. கால் வெளங்காது. ஆரையும் பாக்க மாட்டாரு, எழுத்தும் தெரியாது. ஆனா இந்த ஆட்டத்துல அவர அடிக்க ஆள் கெடையாதாம். எங்க தம்பி வண்டி நாலு நாளைக்கு ஒருக்க அங்கன போவுது. சீட்டுல கட்டம் போட்டு, காய் நின்ன எடத்துல புள்ளி, போற எடத்துல சுழி, அம்புட்டுதான். குடுத்தா பதில் வாங்கியாருவான்."

அப்படித் தொடங்கியது ஆட்டம். முதல் பத்துச் சீட்டிலேயே வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. இப்படி ஓர் எதிராளியை அவர் கண்டதில்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்று அவசரப்படுவார்கள். இங்கே ஒரு காய்க்கு நான்கு நாள். நான்கு நாளும் யோசித்து ஆடினால் தன் தலைக்குள் இவ்வளவு இடம் இருக்கிறதா என்று அவருக்கே ஆச்சரியம்.

ஒரு தீர்மானம் செய்தார். ஜெயித்தால் முக்கூடல் பெரியவரை வண்டியில் தூக்கி உட்காரவைத்துத் தளவாய் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "இவர ஜெயிச்சவன் நான்" என்று சொல்வது. தோற்றால் தளவாய் சொன்னதே மெய். பலகையைக் கோயில் அசன விருந்துச் சமையலுக்கு விறகாகக் கொடுத்துவிட்டு, இனி காயைத் தொடுவதில்லை.

அந்த ஆட்டத்தைத்தான் இன்பமணி துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

உபதேசியார் வந்தார். ஜெபம் நீண்டது. எல்லாரும் கண்ணை மூடியிருந்த வேளையில் வாத்தியாரும் மூடினார். மூடிய கண்ணுக்குள் முதல் காய் நகர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று இருபத்தொன்பது நகர்வும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பத்து வருஷத்துக்கு முன்னால் முந்தின வாரத்து ஆட்டம்கூட அவருக்கு நினைவில் நிற்காது. "ஆமென்" என்று அவர் சொன்ன சத்தத்தில் உபதேசியாரே அசந்துபோனார்.

காய்களை மறுபடி அடுக்கி, மறுநாள் யானையை நகர்த்திச் சீட்டுக் கொடுத்தார். நான்கு நாள் கழித்துப் பேச்சித்தாய் அதே சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"புள்ளி வச்ச கட்டத்துல உங்களுக்கு யானையே இல்லையாம்யா. அடுத்த கட்டத்துலல்லா நிக்காம்."

வாத்தியார் பலகையைப் பார்த்தார். ஒரே ஒரு கட்டம் தவறியிருந்தது.

"சரி பேச்சித்தாய், வேற காய் ஆடுதேன்."

"அது முடியாதாம். யானையத் தொட்டாச்சாம். தொட்டா ஆடணுமாம். ரொம்பக் கண்டிசனாச் சொல்லி விட்டிருக்காவ."

யானை எந்தக் கட்டத்துக்குப் போனாலும் வெட்டு. "பலகை கலைஞ்சு போச்சு, என் பெண்டாட்டி கை பட்டுது" என்று சொல்ல வாயைத் திறந்தார். சட்டைக்கை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"நியாயந்தான்" என்றார் கடைசியில். "இதுல்லா ஒழுக்கம்! தளவாய்க்கு இது இருந்தா நான் ஏன் இங்கன தனியா உக்காந்திருக்கேன்?"

யானை போயிற்று. இனி வீட்டில் பலகையை வைப்பது ஆபத்து என்று, வகுப்புக் கரும்பலகையின் மூலையில் அறுபத்துநான்கு கட்டம் வரைந்து, காய்களுக்குப் பதில் எண்கள் எழுதி வைத்தார். பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே வந்தார்.

"இது என்ன?"

"பெருக்கல் வாய்ப்பாடு ஐயா. புது முறை." பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது.

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் கட்டங்களைப் பார்த்தார். விளங்கவில்லை. விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்கிற உத்தியோகம் இல்லை அவருடையது. "அபாரம்! வருகிற வெள்ளிக்கிழமை இந்தச் சுற்றுவட்டாரத்து வாத்தியார்கள் எல்லாரையும் வரச்சொல்கிறேன். நீர் விளக்கிக் காட்டவேண்டும்."

வெள்ளிக்கிழமை நாற்பது வாத்தியார்கள் வந்து பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். ஏரலிலிருந்துகூட இருவர் வந்திருந்தனர். வேதமுத்து கரும்பலகையில் கட்டங்களை வரைந்தார். விளக்க ஒன்றும் இல்லை. இருந்த ஒரே ஒரு கணக்கு, யானையைப் பறிகொடுத்த தன் ராஜா பிழைப்பது எப்படி என்பதுதான். எண்களை எழுதினார். கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றார்.

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று.

"ஜெபம் பண்ணுதாரோ?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார். இரண்டு பேர் எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து நின்றார்கள். நாற்பது பேரும் எழுந்தார்கள். இன்ஸ்பெக்டரும் தொப்பியைக் கழற்றினார்.

அந்த அமைதியில்தான் அவருக்கு அது தெரிந்தது. மந்திரியைக் கொடுத்துவிடவேண்டும். கொடுத்தால் எதிராளி வாங்கித்தான் ஆகவேண்டும். வாங்கினால் குதிரை உள்ளே இறங்கும், அதிலிருந்து மூன்றாவது நகர்வில் அந்தப் பக்கத்து ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. முப்பது வயதில் அவர் மந்திரியைக் கொடுத்திருக்க மாட்டார். மந்திரியைக் கொடுக்கலாம் என்கிற நினைப்பே அப்போது அவருக்கு வந்திருக்காது.

"கிடைத்தது!" என்று கத்திவிட்டு, ஒரு எண்ணை அழித்தார்.

நாற்பது வாத்தியார்களும் அந்த எண்ணை எழுதிக்கொண்டார்கள். அடுத்த மாதம் முழுவதும் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பெருக்கல் தகராறு. தலைமையாசிரியருக்கு இன்றுவரை விளக்கம் கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. வாத்தியாருக்கு மெமோ கொடுத்தார்கள். அவர் அதை மடித்து, நிற்காமல் ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டார்.

மந்திரிச் சீட்டு போயிற்று. பதில் வர எட்டு நாளாயிற்று. பிறகு வந்த இரண்டு சீட்டிலும் சுழி நடுங்கியிருந்தது. மூன்றாவது தடவை பேச்சித்தாய் வெறுங்கையோடு வந்தாள்.

"சீட்டு எங்க?" என்றார் வாத்தியார்.

"சீட்டு இல்லைய்யா. தோத்துட்டேன்னு சொல்லச் சொன்னாவ." அவள் பானையை இறக்கினாள். "இன்னும் சொன்னாவ. 'இத்தன வருசம் ஆடுதேன், இப்படி ஒரு மனுசன்கூட ஆடினதில்ல. அஞ்சு மாசத்துல நான் படிச்சது நாப்பது வருசத்துல படிக்காதது'ன்னு சொல்லிக் கண்ணு கலங்கிட்டாவ."

வேதமுத்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கண்ணில் நீர் வந்ததை அவர் துடைக்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் ஒரு மனிதன் வளர்ந்திருக்கிறான், அதற்குச் சாட்சி இருக்கிறது. அவருக்கு அன்றைக்கு அது போதும்.

"இன்பமணி! வண்டி பேசணும். நாளைக்கு முக்கூடல் போறேன்."

பேச்சித்தாய் முகம் மாறியது. "வேண்டாம்யா. அவுகளுக்கு மேலுக்குச் சொகமில்ல."

"அப்பம் கட்டாயம் பாக்கணும்."

"ஊர்ல இல்ல. மக வீட்டுக்குப் போயிருக்காவ."

"கால் வெளங்காதுன்னியே!"

"தூக்கிட்டுப் போனாவய்யா."

"எந்த ஊருக்கு? அங்கன போறேன்."

"கங்கைகொண்டான்... பக்கத்துல... ஒரு ஊரு. எனக்குப் பேரு வரமாட்டேங்கு."

"நான் தேடிக்கிடுதேன். ஏட்டி பேச்சித்தாய், நீ ஒண்ணும் கவலைப்படாத. அந்த மகான ஒருக்கப் பாத்துக் கும்பிட்டுட்டு, கையோட கூட்டிக்கிட்டுப் போய்த் தளவாய் வாசல்ல நிறுத்தணும். 'பாரும் வே, ஆட்டக்காரன்னா இவருல்லா ஆட்டக்காரர்! தொட்டா ஆடுற மனுசன்! நீரெல்லாம் இவரு சுண்டுவிரலுக்குக் காண்பீரா'ன்னு கேக்கணும். பதினஞ்சு வருசம் அந்த ஆளோட ஆடி என் காலத்தையே வீணாக்கினேன்."

இன்பமணி அதற்குள் பெட்டியிலிருந்து சலவைச் சட்டையை எடுத்து வந்துவிட்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு புருஷன் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்த சந்தோஷம் அவளுக்கு. வாத்தியார் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். நாளைக்கு என்றது இப்போது இன்றைக்கே என்று ஆகிவிட்டது.

பேச்சித்தாய் அவர் முன்னால் வந்து நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, முக்கூடல்ல அப்படி ஒரு பெரியவரே கெடையாது, ஒங்க சீட்டெல்லாம் வாங்கி ஆடித் தோத்துப்போன தளவாய் ஐயாவும், நான் சொன்ன அதே கதைய நம்பி, அந்த மகான் கால்ல விழணும்னு வாழத்தாரும் கையுமாப் பாலத்துல நின்னு, முக்கூடலுக்கு வண்டி கேட்டுக்கிட்டு இருக்காவ."