வேனில் மாறிய தட்டுகளும் 1991 இறுதி ஆட்டமும்

கிள்ளான்,
வியாழக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. பரமேஸ்வரன் அவர்களுக்கு,

கிள்ளான் தம்புசாமி வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்களும் சந்திரகலா அம்மாவும் மாப்பிள்ளை தனேஷும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் மனைவி லோகேஸ்வரியும் மகள் அமுதவள்ளியும் சுகம். எனக்கு மட்டும் இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. "சம்பந்தி" என்று எழுதியிருப்பதைப் பார்த்து நான் இறங்கி வந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அந்த வார்த்தையைப் போடலாமா கூடாதா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. ஃபோனில் பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் கல்யாண வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிய பிறகு நானாகக் கூப்பிட்டால் கிள்ளான் பணிந்துவிட்டது என்று ஆகிவிடும். என் மூக்குக் கண்ணாடி உங்கள் வீட்டில், அன்னாசிப்பழத் தட்டில் இருப்பதால் மனைவியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வரிகள் மேலும் கீழும் போனால் பொறுத்துக்கொள்ளவும்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நிச்சயதார்த்தத்துக்காக உங்கள் வீட்டார் வேனில் வந்து இறங்கினீர்கள். உங்கள் ஒன்பது தட்டுகள் கூடத்தின் இடது பக்கம், எங்கள் பதினொரு தட்டுகள் வலது பக்கம். பதினொன்றரைக்குள் தட்டு மாற்ற வேண்டும் என்று நேரம் குறித்திருந்தது. அதற்கு முன், வந்தவர்களுக்குப் பாயசம் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். லோகேஸ்வரி கிளாஸை நீட்டினாள், நீங்கள் வாங்கிக்கொண்டு சிரித்தீர்கள். "கிள்ளான்ல சாப்பிடவே பயமா இருக்கு சம்பந்தி. ரெண்டாயிரத்து நாலுல நல்லுறவுக் கிண்ணம் ஃபுட்பால் செமி ஃபைனலுக்கு வந்தோம். மத்தியானம் இலைய போட்டு நண்டு, ஆட்டுக்கறி, பாயசம்னு ஊட்டி ஊட்டியே எங்க பசங்கள சாச்சுட்டாங்க. ஆறு கோல் லா! எங்க ஊருக்கு அத விடப் பெரிய அடி கிடையாது" என்றீர்கள்.

நான் அதோடு விட்டிருக்கலாம். பெண்ணைப் பெற்றவன் அப்படித்தான் விட வேண்டும் என்று லோகேஸ்வரி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அது தோல்வி இல்லைங்க, அஜீரணம்" என்றேன். கூடமே சிரித்தது, நீங்கள் சிரிக்கவில்லை. அந்தக் குழுவின் மேனேஜரே நீங்கள்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கோல் கீப்பர் குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை, முன்னாடி ஓட வேண்டியவன் நடுத் திடலில் உட்கார்ந்து ஏப்பம் விட்டான் என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். மனிதன்தானே, எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த இலைகளில் நண்டு பரிமாறியவர்களில் நானும் ஒருவன். விருந்தாளி போதும் என்று சொல்லும்வரை வைத்துக்கொண்டே போவது எங்கள் பழக்கம். உங்கள் ஆட்கள் ஒருவர்கூடப் போதும் என்று சொல்லவில்லை. இதில் சதி எங்கே இருக்கிறது?

அதன் பிறகுதான் நான் அதே கிண்ணத்தின் 1991 இறுதி ஆட்டத்தை எடுத்தேன். எடுக்காமல் என்ன செய்வது? உங்கள் ஊர்த் திடலில், ரயில்வே யார்டுக்குப் பக்கத்தில், எண்பது நிமிடம் வரைக்கும் நாங்கள் இரண்டுக்கு ஒன்று முன்னணியில் இருந்தோம். பிறகு சமநிலை. எண்பத்தெட்டாவது நிமிடம் ஒரு விசில் சத்தம். ரெஃப்ரீ ஊதிவிட்டார் என்று எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர்கள் அப்படியே நின்றார்கள். உங்கள் ஆள் நிற்கவில்லை. நேராகப் போய் மூன்றாவது கோலை உள்ளே தட்டிவிட்டு வந்தான். ஊதியது ரெஃப்ரீ அல்ல, யார்டில் ரயிலுக்கு விசில் ஊதும் ஒரு ரயில்வே கார்டு. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்ததால் உங்கள் பையன்களுக்கு எது ரயில் விசில், எது ஆட்ட விசில் என்று தெரியும். துறைமுகத்துக்காரர்களான எங்களுக்கு எப்படித் தெரியும்? மூன்று மாதம் ஒருவரும் பந்தைத் தொடவில்லை. இதைவிட மனத்தை உடைக்கிற தோல்வி எந்த ஊருக்கு நடந்திருக்கிறது என்றுதான் கேட்டேன்.

அதற்கு நீங்கள் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியவில்லை. "ரெஃப்ரீய பாக்காம விசில கேட்டு கைய தூக்கிக்கிட்டு நின்னானே ஒருத்தன், லெஃப்ட் பேக். அந்த முட்டாளாலதான் தோத்தீங்க. எங்க விசில் மேல பழிய போடாதீங்க" என்றீர்கள்.

அந்த முட்டாள் நான்தான், சம்பந்தி. கூடத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவள் ஒருத்திதான், அமுதவள்ளி. பிறந்ததிலிருந்து அவளிடம் மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். அப்பா பந்து விளையாடினார் என்று தெரியும், கையைத் தூக்கிக்கொண்டு நின்றார் என்று தெரியாது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அந்த வருஷம் நீங்க எங்க இருந்தீங்க?" என்று உங்களைக் கேட்டேன். "ரயில்வேலதான்." "ரயில்வேல எங்க?" "யார்டுல." "என்ன வேலை?" நீங்கள் பாயசத்தைக் கீழே வைத்தீர்கள். "கார்டு" என்றீர்கள். "அன்னைக்கு ட்யூட்டியா?" என்றேன். உங்களுக்குப் பதிலாகச் சந்திரகலா அம்மா, "அவருக்கு வேலைல விசில் ஊதித்தானே ஆகணும்!" என்றார்கள்.

பிறகு நடந்ததற்கு வரிசை கிடையாது. பன்னிரண்டு ஐந்துக்குத்தான் யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். நல்ல நேரம் போய்விட்டது. நீங்கள் எழுந்து, "தட்டெல்லாம் எடுங்க, கெளம்பலாம்" என்றீர்கள். உங்கள் வீட்டு ஆட்கள் கோபத்தில் கைக்குக் கிடைத்ததைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். எங்கள் வீட்டு ஆட்களும் கோபத்தில், போய்த் தொலையட்டும் என்று உதவி செய்தார்கள். சாயங்காலம் தட்டுகளை உள்ளே எடுத்து வைக்கும்போதுதான் லோகேஸ்வரி கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் இருந்தவை உங்கள் ஒன்பது தட்டுகள், கூரைப்புடவையோடு. எங்கள் பதினொரு தட்டுகளும், வேட்டி சட்டையும், அன்னாசிப்பழமும், அந்தத் தட்டில் நான் கழற்றி வைத்த கண்ணாடியும் பிரிக்பீல்ட்ஸ் போய்விட்டன.

"தட்டு மாறிடுச்சுங்க. நிச்சயம் முடிஞ்சது" என்று லோகேஸ்வரி சந்தோஷமாகச் சொன்னாள். என் மச்சான் சிவநேசன் ஒப்புக்கொள்ளவில்லை. "கையால மாத்தணும்கா. வேனால மாத்துனா செல்லாது" என்றார். சண்டை முற்றியதால் கோயில் குருக்களிடம் போய்க் கேட்டேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "உங்க தட்டு இப்ப எங்க இருக்கு?" என்றார். "அவங்க வீட்ல." "அவங்க தட்டு?" "எங்க வீட்ல." "அப்புறம் என்ன பிரச்னை?" என்று அடுத்த அர்ச்சனைக்குப் போய்விட்டார். அவருடைய மாமனார் வீடு பிரிக்பீல்ட்ஸ் என்று பிறகு தெரிந்தது. ஆகவே அந்தத் தீர்ப்பை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் தட்டுகளை உங்களிடமே சேர்த்துவிட்டு எங்களுடையதை வாங்கி வரலாம், பிறகு முறைப்படி யோசிக்கலாம் என்று போன செவ்வாய்க்கிழமை ஒன்பது தட்டுகளையும் இரண்டு பெரிய பைகளில் போட்டுக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் அழகிரி என்று ஒரு தம்பி, தமிழ்நாட்டிலிருந்து வந்து ரவாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறாராம். "என்னண்ணே, வீட்ல விசேஷமா?" என்று கேட்டார். விசேஷமா இல்லையா என்பதே தகராறு என்று ஆரம்பித்து 2004-ஐயும் 1991-ஐயும் நடுநிலையோடு எடுத்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "ரெண்டு பேரும் தோத்தத பத்தியே சொல்றீங்க. ஏண்ணே, அந்த ரெண்டு ஆட்டத்துலயும் ஜெயிச்சதும் நீங்க ரெண்டு பேருந்தான?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கு விளங்க வைப்பதற்குள் உங்கள் ஸ்டேஷனான கேஎல் சென்ட்ரல் தாண்டி, கெப்போங் தாண்டி, ரவாங்கே வந்துவிட்டது. அங்கே இறங்கி, அவருடைய கடையில் அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ஒன்பது தட்டுகளோடும் திரும்ப வீட்டுக்கே வந்தேன். திரும்பும்போது உங்கள் ஸ்டேஷனில் இறங்க மனம் வரவில்லை.

ஆகவே என் முடிவைத் தெளிவாக எழுதுகிறேன். மாறிய தட்டு மாறியதாகாது, அதனால் நிச்சயமும் ஆகவில்லை. கல்யாணம் நடக்க வேண்டும் என்றால் நீங்கள் கிள்ளானுக்கு வந்து, அதே கூடத்தில், அமுதவள்ளியின் முன்னால், 1991-தான் பெரிய தோல்வி என்றும் அந்த லெஃப்ட் பேக் முட்டாள் இல்லை என்றும் சொல்ல வேண்டும். இரண்டில் இரண்டாவதைச் சொன்னால்கூடப் போதும். வயது அறுபத்து நான்கு ஆகிறது, சம்பந்தி. என் மகள் அன்று என்னைப் பார்த்த பார்வை என் கண்ணிலேயே நிற்கிறது. பெரிய வாக்குமூலம் எதுவும் நான் கேட்கவில்லை, அந்தப் பார்வையை மாற்றிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதுவரை மாப்பிள்ளை என்றோ மருமகள் என்றோ யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். பதிவுத் திருமணத்துக்குப் பிள்ளைகள் முன்பே வாங்கி வைத்த தேதியையும் தள்ளிப் போட்டுவிடுவதுதான் மரியாதை.

வியாழக்கிழமை தொடங்கிய கடிதத்தைக் கண்ணாடிக் கோளாறினால் இன்று சனிக்கிழமைதான் முடிக்க முடிந்தது. சந்திரகலா அம்மாவுக்கு என் வணக்கம். தனேஷுக்கு, தகராறுக்கு வெளியே, என் ஆசீர்வாதம். உங்கள் முழங்கால் வலி குறைந்து நீங்கள் படியேறி நடக்க முருகன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
சம்பந்தி ஆவதா என்று காத்திருக்கும்,
தம்புசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது லோகேஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டாள். "இத அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க" என்று ஃபோனைக் காட்டினாள். புத்ராஜெயாவில் திருமணப் பதிவு அலுவலகம். மேஜைக்கு முன்னால் அமுதாவும் தனேஷும், பின்னால் சாட்சிகளாக லோகேஸ்வரியும் உங்கள் சந்திரகலா அம்மாவும். நால்வரிடமும் மல்லிகைக்கும் சிரிப்புக்கும் குறைவில்லை. தனேஷுக்கு மல்லிகை மட்டும் இல்லை. நேற்று முன்தினம் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குத் துணி எடுக்கப் போகிறோம் என்று தாயும் மகளும் கிளம்பியது இதற்குத்தானாம். தேதியை யாருமே தள்ளிப் போடவில்லை.

"ஏம்மா அப்பாவ கூப்பிடல?" என்று அமுதாவைக் கேட்டேன். "ரெண்டு அப்பாவையும் கூப்பிட்டிருந்தா ஆபிசர் முன்னாடியும் ஆரம்பிச்சிருப்பீங்கப்பா" என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க கைய தூக்குனது எனக்குப் பத்து வயசுலயே தெரியும். சிவநேசன் மாமா சொல்லிட்டாங்க. அன்னைக்கு உங்கள பாத்தது, அழுதுடுவீங்களோன்னுதான்" என்றாள்.

மேலே எழுதிய நிபந்தனை எதுவும் இனி இல்லை, சம்பந்தி. புகைப்படத்தில் நேரம் வியாழக்கிழமை காலை பத்து இருபது என்று இருக்கிறது. என் ஒரே மகள் கையெழுத்துப் போட்ட நேரத்தில் நான் இங்கே உட்கார்ந்து இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு ஊருக்கும் நடந்த தோல்விகளில் இதுதான் பெரியது, இதில் உங்களுக்கும் எனக்கும் வாதம் இருக்காது. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எனக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்கள்.