வரக்குள்ள பாரம்

டோஹாக்கு ஃப்ளைட்டுல எவ்வளவு நேரம், சொல்லுங்க பாப்பம்? அஞ்சு மணித்தியாலமா? பிழை. எங்கட கற்பிட்டி 'கட்டுநாயக்க நானா'ட கணக்குல போறத்துக்கு ரெண்டர, வாறத்துக்கு ஏழர. ஒருநாளும் ப்ளேன்ல ஏறாம ப்ளேனுக்கே பாடம் நடத்துற மனிசன் உலகத்துல இவர் ஒராள்தான்.

ஊருல இருந்து கட்டுநாயக்க எயார்போட்டுக்கு வேன் ஓடுறார், அதான் அந்தப் பேர். தூரத்தையும் அதாலதான் அளப்பார். டோஹா இருபத்தஞ்சு கட்டுநாயக்க. லண்டன் அறுபது.

டிக்கெட்ல நாலு மணிக்கு கெளம்பி ஆறரைக்கு எறங்குது எண்டு இருக்கும். அது அங்கத்த ஆறர எண்டா கேக்கமாட்டார். போன புள்ள எறங்கி நம்மட நேரம் ஒம்பதுக்கு கோல் எடுத்தா, "அது சிம் மாத்துற நேரம்" எண்டுவார்.

"அப்ப வரக்குள்ள ஏன் நானா ஏழர?"

"பாரம்டா! போறவன்ட பேக்ல ரெண்டு உடுப்பு, கொஞ்சம் கருவாடு. வாறவன் பிளாங்கெட், பால்மா, டீவி. பாலாவி ரோட்டுல சீமேந்து லொறிய பாரு. வெறும் லொறி பறக்கும், லோட் லொறி ஊரும். ப்ளேன் மட்டும் என்ன, வானத்துல இருந்து வந்த மலக்கா?"

நான் கெம்பஸ் படிச்ச திமிருல ஃபோன்ல உலகப் படத்த காட்டினன். "நானா, அங்க நேரம் ரெண்டர மணித்தியாலம் பின்னுக்கு."

"வேனே ரிவர்ஸ் எடுத்தா சத்தம் போடுது. நேரம் சத்தமே இல்லாம பின்னுக்கு போகுதா? போடா!"

அவர்ட பொஞ்சாதி, எங்க எல்லாருக்கும் ராத்தா, டோஹால வீட்டு வேல. போன முறை லீவுல வரக்குள்ள ரெண்டு பெரிய சூட்கேஸ் எண்டு சொன்னா. நானா பாரத்துக்கு ஒரு மணித்தியாலம் கூட்டி, லேட்டா போனார். ராத்தா எயார்போட் வாசல்ல சூட்கேஸ் மேல குந்தி அழுதுட்டு இருந்திருக்கா. கற்பிட்டி வரைக்கும் வேன்ல ரேடியோ மட்டும்தான் கதச்சிச்சாம்.

இண்டைக்கு ராத்தா ஒரேயடியா வாறா. அங்க காலைல எட்டு மணிக்கு ஃப்ளைட், இங்க பின்னேரம் மூண்டரக்கி எறங்கும். நானா ஒண்டும் கொண்டுவர வேணாம், ஹேண்ட்பேக் மட்டும் போதும் எண்டுட்டார். பாரம் இல்ல. அப்ப ரெண்டர மணித்தியாலம். அப்ப பத்தரக்கி வந்திருவா. விடிய சுபஹு தொழுதுட்டு என்னையும் எயார்போட்டுக்கு இழுத்துட்டு வந்துட்டார்.

"ப்ளேன்ல மத்த ஆக்களும் சாமானோட வாறாங்களே நானா?"

"அவங்களுக்கும் சொல்லச் சொல்லீக்கன்."

"மூண்டரக்கித்தான் நானா வரும். நம்புங்க."

"வராட்டி நிப்பம். வந்தா? இந்த முறை அவளுக்கு குந்த சூட்கேசும் இல்லடா."

வேன்ல இருந்து பிளாஸ்டிக் கதிரை ஒண்ட எறக்கி வாசல்ல வெச்சார். எனத்துக்கு எண்டு கேட்டா, அவர் டொய்லட்டுக்கு போற நேரம் பாத்து ராத்தா வந்துட்டா எண்டாம்.

இப்ப மணி பத்தர. ராத்தாட மெசேஜ் வந்திருக்கு, இப்பதான் ப்ளேன்ல ஏறினாவாம். நானா தொடச்ச கதிரைய திரும்பவும் தொடைக்கிறார்.